திறந்த மார்பும் இரும்புச் சட்டையும்

பழநி மலை அடிவாரத்திலிருந்து ஒரு போர்க்கவச வரலாறு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு யானைக் கவசத்தைப் பார்க்கலாம். சின்னச் சின்ன இரும்புத் தகடுகளை வளையங்களால் கோத்துச் செய்தது. இப்போது மிஞ்சியிருப்பவை 5,840 தகடுகள். எடை 118 கிலோ. முழுதாக இருந்த காலத்தில் 8,439 தகடுகளும் 159 கிலோ எடையும் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முகலாயர் காலத்தில், 1600-ஐ ஒட்டி உருவான இந்தக் கவசத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் ஹென்ரியேட்டா கிளைவ். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் எட்வர்ட் கிளைவின் மனைவி. ராபர்ட் கிளைவின் மருமகள். 1800-ஆம் ஆண்டு தன் இரண்டு மகள்களோடு மைசூர், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று தென்னாட்டைச் சுற்றிப் பார்த்தார். மறு ஆண்டு தாய்நாடு திரும்பியபோது அவர் சேகரித்த பொருள்களும் கப்பலேறின.

அதே 1801-ல், பழநி மலையின் வடக்கு அடிவாரத்து விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி எட்வர்ட் கிளைவின் பெயரில் ஓர் அறிக்கை வெளியானது. பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்படும், இனி யாரும் ஈட்டியோ துப்பாக்கியோ வைத்திருக்கக் கூடாது என்றது அது. கோபால நாயக்கரின் பின்னால் நின்ற படையில் பெரும்பாலோர் உழவர்கள், காவல்காரர்கள், மலையடிவாரத்து ஆட்கள். கையில் ஈட்டி, வாள், சிலரிடம் நாட்டுத் துப்பாக்கி. மார்பின் மேல் எதுவும் கிடையாது.

ஒரு யானைக்கு 8,439 தகடுகள். ஒரு மனிதனுக்கு ஒன்றுகூட இல்லை. போர்க்கவசத்தின் வரலாற்றை உலோகத்தின் வரலாறாக, தொழில் நுணுக்கத்தின் வரலாறாகச் சொல்லும் புத்தகங்கள் நிறைய உண்டு. அந்தக் கதை சுவையானதுதான். ஆனால், யாருடைய மார்புக்கு இரும்பு கிடைத்தது, யாருடைய மார்பு திறந்தே விடப்பட்டது என்ற கேள்வியை முன்னால் வைத்துப் படித்தால்தான் தமிழ்நாட்டுக் கதை பிடிபடுகிறது.

இரும்புக்குப் பஞ்சமில்லை

பழநி மலைக்கு இரும்பு புதிதல்ல. பழநியிலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவில், மலை இறங்கி முடிகிற இடத்தில் பொருந்தல் இருக்கிறது. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு நடத்தியது. ஈமக்குழியில் கிடைத்த நெல்மணிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்ற காலக்கணிப்பு வந்தது. அது நாடெங்கும் செய்தியானது. மலைமேல் தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கங்களில் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. அவற்றைத் தேடி அளந்து வரைந்தவர்கள் ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு ஏசு சபைப் பாதிரியார்கள். அவர்களுடைய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் அருங்காட்சியகத்தில், பதப்படுத்திய விலங்குகளையும் பூச்சிகளையும் தாண்டிப் போனால் அந்தக் கல்திட்டைக் காலத்து மட்கலங்களையும் காணலாம்.

இந்த மலையிலிருந்து வடக்கே கொங்குச் சமவெளிக்குப் போனால் நொய்யல் கரையில் கொடுமணல். இரும்பை உருக்கிய உலைகள் அங்கே வெளிப்பட்டிருக்கின்றன. தென்னாட்டு எஃகு கடல் கடந்து விற்பனையான சரக்கு. தெற்கே ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்தவற்றில் வாளும் வேலும் அம்புமுனையுமாக ஏராளமான இரும்புப் பொருள்கள் இருந்தன. ஆக, இரும்பும் இருந்தது. அதை அடித்து வடிவம் கொடுக்கத் தெரிந்த கொல்லர்களும் இருந்தார்கள். அந்த இரும்பு போன இடம் வெட்டும் பக்கம், குத்தும் பக்கம். மார்பை மூடுகிற பக்கம் அது அவ்வளவாகப் போகவில்லை.

காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. வெயில் ஒன்று. திண்டுக்கல் சமவெளியில் சித்திரை மாதத்து நண்பகலில் இரும்புத் தகட்டை உடம்பில் கட்டிக்கொண்டு அரை நாழிகை நின்றால், எதிரி வருவதற்குள் மயக்கம் வந்துவிடும். மலை இன்னொன்று. அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் மேட்டுக்கு ஏற வேண்டிய உயரம் 1,800 மீட்டருக்கு மேல். 20 கிலோ இரும்போடு அந்த ஏற்றத்தில் ஏறி, மேலே போனதும் சண்டையிட முடியாது. மூன்றாவது விலை. ஒரு மார்புத் தகட்டுக்குப் போகும் இரும்பில் எத்தனையோ அம்புமுனைகளை வடித்துவிடலாம். ஒரு சிற்றூர்த் தலைவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. தோலும் துணியும் மண்ணுக்குள் நிலைப்பதில்லை. குழியில் கவசம் இல்லை என்பதாலேயே களத்திலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அர்த்தசாஸ்திரம் ஆயுதச்சாலையைப் பற்றிப் பேசும் இடத்தில் இரும்பு வலைச் சட்டையையும் தகட்டுக் கவசத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. நூலால் ஆன கவசமும், காண்டாமிருகம், யானை, மாடு போன்றவற்றின் தோல், குளம்பு, கொம்பு இவற்றால் ஆன கவசமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவின் பெரும்பான்மைக் கவசம் மட்கிப்போகிற கவசம். அதனால்தான் அருங்காட்சியகங்களில் முகலாயர், ராஜபுத்திரர் இரும்புச் சட்டைகள் நிறைந்திருக்கின்றன; அதற்கு முந்தைய ஆயிரம் ஆண்டுக்குச் சான்று தேட வேண்டுமானால் பாட்டுக்கும் சிற்பத்துக்கும் போக வேண்டியிருக்கிறது.

புலித்தோல் கிழிந்த கதை

பாட்டில் கவசம் இருக்கிறது. புறநானூற்றின் 13-ஆம் பாட்டு கரூரில் நடந்த ஒரு காட்சியைச் சொல்கிறது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், சேரமான் அந்துவஞ்சேரல் இரும்பொறையோடு மாடத்தில் நிற்கிறார். கீழே மதம் பிடித்த யானை ஒன்று பகையரசனைச் சுமந்துகொண்டு நகருக்குள் புகுந்துவிடுகிறது. யானை மேல் இருப்பவன் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி. சேரன் யார் அது என்று கேட்க, புலவர் விடை சொல்கிறார். சோழன் அணிந்திருப்பது புலித்தோல் கவசம். அம்புகள் பட்டு அதன் அழகு சிதைந்திருக்கிறது, மார்பும் கிழிந்திருக்கிறது. அவன் நோயின்றித் திரும்பட்டும் என்று புலவர் வாழ்த்துவதோடு பாட்டு முடிகிறது. எதிரியின் ஊருக்குள் தற்செயலாகச் சிக்கிய ஒருவனுக்காக அந்த ஊர் அரசனிடமே இரக்கம் கோருகிற பாட்டு அது. சங்கப் பாடல்களில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று. கவச வரலாற்றுக்கு அது தருகிற செய்தியும் முக்கியமானது. தோல் கவசம் இருந்தது, அதை அணிந்தவன் அரசன், அம்பை அது முழுதாகத் தடுக்கவில்லை.

முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சி வருகிறது. அரசனின் கூடாரத்துக்குக் காவலாக யவனர்கள் நிற்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்ட நப்பூதனார் குறிப்பிடுபவற்றில் ஒன்று, அவர்கள் உடம்பில் சட்டை போட்டிருந்தது. சட்டை போட்ட சிப்பாய் பாசறையில் தனித்துத் தெரிந்த ஆளாக இருந்தான் என்றால், சுற்றியிருந்த மற்றவர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்பது விளங்குகிறது.

பழநிக்கும் கவசத்துக்கும் நேரடியான ஓர் உறவு பதிற்றுப்பத்தில் கிடைக்கிறது. அன்றைய பழநி, பொதினி என்ற பெயரில் ஆவியர் குடியின் ஊர். அந்தக் குடியின் வேளாவிக் கோமான் தன் மகளைச் சேர அரசனுக்குக் கொடுத்தான். களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் இருவரும் அந்தப் பழநிப் பெண் வழி வந்தவர்கள் என்று பதிகங்கள் சொல்கின்றன. பதிற்றுப்பத்துப் புலவர்கள் சேர மன்னர்களைத் திரும்பத் திரும்ப ‘மெய்ம்மறை’ என்று அழைக்கிறார்கள். வீரர்களின் உடம்புக்குக் கவசம் போன்றவன் என்று. போர்முனையில் அரசன் முன்னால் நிற்பான், அவனே பின்னால் இருப்பவர்களின் மார்பை மறைப்பான் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ஓர் அரசனுக்கு இதைவிட உயர்ந்த புகழ்மொழி இருக்க முடியாது.

ஆனால், அந்தப் புகழ்மொழி பிறந்த அதே சமூகம் இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தது. மார்பில் படும் புண் புகழ், முதுகில் படும் புண் இழிவு. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல், சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்து முதுகு வழியே வெளியேறியது. ஒரே வேல் செய்த இரண்டு புண்கள். முன்புண் வீரம், பின்புண்ணுக்கு நாணி அவன் வடக்கிருந்து உயிர் விட்டான். மகனின் முதுகில் புண் பட்டிருந்தால் அவனுக்குப் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறிய தாயைக் காக்கைபாடினியார் பாடினார். அந்தப் பாட்டைப் பள்ளியில் படிக்கும்போது நாம் எல்லோரும் சிலிர்த்திருக்கிறோம்.

இப்போது அதைப் படிக்கையில் எனக்குச் சிலிர்ப்போடு கோபமும் வருகிறது. புலித்தோல் வாங்க வசதியுள்ளவன் புலித்தோலை அணிந்துகொண்டான். வசதியில்லாத ஆயிரம் பேருக்கு, மார்பைத் திறந்து வைப்பதே மானம் என்று பாட்டு வழங்கப்பட்டது. செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் அவர்களைப் பார்க்கலாம். கையில் வில்லும் குறுவாளும், உடம்பில் தைத்து நிற்கும் அம்புகள். பழநி மலைக்குத் தெற்கே, ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழிக் கல்வெட்டு நடுகற்கள் இன்னும் பழையவை. அவற்றில் உருவம்கூட இல்லை. அவற்றுள் ஒன்றில், ஆநிரைச் சண்டையில் செத்தவனின் பெயரும் ஊரும் மட்டும் இருக்கின்றன. அந்த மனிதர்களின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கவசம் கொடுக்காததை வீரம் என்று பெயரிட்டு மூடிவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

பஞ்சு, வளையம், தகடு

உலகத்தின் மார்புக் கவசங்களை எல்லாம் அடுக்கிப் பார்த்தால் மூன்றே குடும்பங்கள் என்று சொல்லலாம்: மெத்தை, வலை, தகடு. மற்றவை இவற்றின் கலப்பு.

தகடு மிகப் பழையது. கிரேக்கத்தின் டெண்ட்ராவில் 1960-ல் கல்லறை ஒன்றிலிருந்து எடுத்த வெண்கலக் கவசம் மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேல் வயதானது. தகட்டின் வேலை, வந்து மோதும் முனையை வழுக்கி விலக்குவது. அதனால்தான் நல்ல மார்புத் தகடு தட்டையாக இருக்காது. நடுவில் புடைத்து இரு பக்கமும் சரியும். ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டில் மிலன் நகரப் பட்டறைகள் இதை உச்சத்துக்குக் கொண்டுபோயின. தலை முதல் கால் வரை 20, 25 கிலோ எடை. ஆனால் உடம்பு முழுக்கப் பகிர்ந்து தொங்கியதால் அணிந்தவன் குதிரையேறவும் ஓடவும் முடிந்தது.

வலைச் சட்டை கெல்ட் மக்களிடமிருந்து ரோமானியர்களுக்குப் போய், பிறகு பாரசீகம் வழியே இந்தியாவெங்கும் பரவியது. ஒவ்வொரு வளையமும் அண்டையிலுள்ள நான்கு வளையங்களோடு கோக்கப்படும். நல்ல வேலையில் ஒவ்வொரு வளையத்தின் வாயையும் ஆணியடித்து மூடுவார்கள். வாள்வெட்டு அதற்குள் இறங்காது. ஆனால் கதாயுதத்தால் அடித்தால் எலும்பு உள்ளேயே நொறுங்கும். ஊசி முனை அம்பு வளையத்தைப் பிளந்துகொண்டு நுழையும். இந்தக் குறையை அடைக்கத்தான் முகலாயப் படைவீரர்கள் வலைச் சட்டையின் மேல் நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, இரு விலாவுக்கும் ஒவ்வொன்று என நான்கு தகடுகளைக் கட்டிக்கொண்டார்கள். ‘சார் ஆயினா’, அதாவது நான்கு கண்ணாடி என்று அதற்குப் பெயர். மெருகேற்றிய தகடுகள் வெயிலில் அப்படிப் பளபளத்தன.

நம் மண்ணுக்கு ஏற்றது மெத்தைக் குடும்பம்தான். பருத்தித் துணியைப் பல மடிப்பாக அடுக்கி, நடுவே பஞ்சைத் திணித்து, நெருக்கமாகத் தைத்த சட்டை. வாளின் கூர் முதல் சில மடிப்புகளை அறுக்கும்; அதற்குள் வேகம் செத்துவிடும். அம்பும் அப்படியே. இரும்பைவிட இலேசு, துருப்பிடிக்காது, கிழிந்தால் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். கடல் கடந்து மெக்சிகோவில் அஸ்டெக் வீரர்கள் இதே முறையில் பருத்திக் கவசம் அணிந்தார்கள். அவர்களை வெல்லப் போன ஸ்பானியர்கள் தங்கள் இரும்பைக் கழற்றிவிட்டு அந்தப் பஞ்சுச் சட்டைக்கு மாறினார்கள். வெப்ப நாட்டில் எது வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி வேண்டாம்.

1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், மகாநவமி அணிவகுப்பில் நின்ற படையை வியந்து எழுதியிருக்கிறார். மெத்தை தைத்த அங்கிகள், அவற்றுக்குள் கெட்டியான பதனிடாத தோல் அடுக்குகள், இரும்புத் தகடுகள். சிலருடைய தகடுகளில் பொன்முலாம், சில வெள்ளியால் ஆனவை. விஜயநகரத்தின் நாயக்கர்கள்தாம் பின்னால் மதுரைக்கு வந்தார்கள். அவர்கள் வகுத்த பாளைய அமைப்பில்தான் பழநி அடிவாரத்துப் பாளையங்களும் அடங்கின. பயஸ் பார்த்தது தலைநகரத்து அணிவகுப்பு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவருக்கு இருநூறு ஆண்டுக்கு முன்னால் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய மார்க்கோ போலோ, இங்கே வீரர்கள் வெற்றுடம்போடு ஈட்டியும் கேடயமும் மட்டும் ஏந்திப் போருக்குப் போகிறார்கள் என்று எழுதிவைத்தார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் அரசனைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். மற்றவர் ஊர்ப் படையைப் பார்த்தார்.

தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச்சாலையில் இருந்தவற்றில் தேர்ந்தெடுத்த சில 1860-களில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தன. எஞ்சியவற்றின் பெரும்பகுதியை உடைத்துப் பழைய உலோக விலைக்கு விற்றுவிட்டார்கள். வந்துசேர்ந்தவற்றை வைத்துத்தான் ராபர்ட் எல்குட் 2004-ல் தென்னிந்திய ஆயுதங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். எழும்பூருக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் டைனோசரையும் திமிங்கில எலும்பையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆயுத அறையிலும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

திண்டுக்கல் கோட்டையிலிருந்து விருப்பாட்சி வரை

1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் படைத்தலைவராக வந்தார். அவருடைய எழுச்சி தொடங்கிய இடம் அந்தப் பாறைக்கோட்டை. பழநி, விருப்பாட்சிப் பாளையங்களெல்லாம் அவருக்குக் கப்பம் கட்ட வேண்டியவை. 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் தஞ்சமடைந்ததும் இந்த அடிவாரத்தில்தான். விருப்பாட்சி அவருக்குப் புகலிடம் தந்தது. ஹைதரின் உதவியோடு 1780-ல் அவர் சிவகங்கையை மீட்டார்.

மைசூர்ப் படையின் தலைவர்கள் பஞ்சு தைத்த அங்கிகளை விரும்பி அணிந்தார்கள். திப்பு சுல்தானுடையவை என்று சொல்லப்படும் மெத்தை அங்கியும் தலைக்கவசமும் பிரிட்டனில் இன்றும் இருக்கின்றன. ஆனால் 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டினத்து மதில் வாசலில் திப்பு விழுந்துகிடந்தபோது அவர் உடம்பில் இருந்தது மெல்லிய வெள்ளைச் சட்டையும் பூப்போட்ட கால்சராயும் இடுப்பில் ஒரு சிவப்புத் துணியும்தான். கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கிக் குண்டு கிட்டத்தட்ட முப்பது கிராம் எடையுள்ள ஈயம். நெருக்கத்தில் வந்தால் அதைத் தடுக்கப் பஞ்சாலும் முடியாது, வலையாலும் முடியாது. ஐரோப்பாவில் குண்டைத் தாங்குமளவுக்குத் தகட்டைத் தடிப்பாக்கிப் பார்த்தார்கள். சுமக்க முடியாமல் ஒவ்வொரு பகுதியாகக் கழற்றினார்கள். கடைசியில் நெஞ்சுத் தகடு மட்டும் குதிரைப் படையில் மிஞ்சியது.

1800 ஜூன் 3-ஆம் தேதி கோயம்புத்தூரில் கம்பெனிப் படையைத் தாக்க வகுத்த திட்டம், விருப்பாட்சியிலும் பழநி மலைப் பக்கங்களிலும் கூடிப் பேசி உருவானது. அது தோற்றது, நாற்பதுக்கும் மேற்பட்டோரைத் தூக்கில் போட்டார்கள். மறு ஆண்டு தெற்கே பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையில் இருந்த கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தன் நினைவுக்குறிப்பில் எதிரிகளின் நீண்ட ஈட்டிகளைப் பற்றி எழுதுகிறார். மண்சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, உடைப்பில் ஏறி வருபவர்களை அவற்றால் குத்தித் தள்ளினார்கள். அந்த மண்சுவர்தான் அவர்களுடைய கவசம். வளரி வீசவும் ஈட்டி எறியவும் தனக்குக் கற்றுத்தந்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்றும் வெல்ஷ் நன்றியோடு எழுதுகிறார். தான் பழகிய மனிதரைத் தூக்கிலிட்ட படையில் தானும் இருந்ததை அவரால் மறக்க முடியவில்லை என்பது அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

எட்வர்ட் கிளைவின் டிசம்பர் அறிக்கைக்குப் பிறகு அடிவாரத்தில் ஈட்டியும் இல்லை. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியபோது, அவர்கள் ஏறிவந்தது ஆயுதம் களையப்பட்ட மலை.

பாட்டாகிவிட்ட கவசம்

அந்த நூற்றாண்டில்தான் கவசம் என்பது தமிழ் வீடுகளில் பாட்டின் பெயராக வேர்விட்டது. தேவராய சுவாமிகள் முருகனின் ஆறு படைவீடுகளுக்கும் கந்த சஷ்டி கவசங்கள் பாடினார். பழநிக்கும் ஒன்று உண்டு. பாம்பன் சுவாமிகள் 1891-ல் சண்முக கவசம் பாடினார். நெற்றி, கண், கழுத்து, மார்பு, வயிறு, விரல் என்று உடம்பின் ஒவ்வோர் இடத்தையும் பெயர் சொல்லி, அதைக் காக்கும்படி வேலை அழைக்கிற பாட்டு வகை. அதிகாலையில் பழநி அடிவாரத் தேநீர்க்கடைகளில் சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் கந்த சஷ்டி கவசம் ஒலிக்காத நாள் இருக்காது. வாளால் வெட்டும் பகைவனைவிடப் பேயும் பிணியும் பாம்பும் இந்தப் பாட்டில் அதிகம். இரும்புச் சட்டை ஒருநாளும் எட்டாத மக்கள், மனப்பாடம் செய்து எங்கும் எடுத்துப் போகக்கூடிய கவசத்தைப் பெற்றார்கள். பக்தி உள்ளவரோ இல்லாதவரோ, தமிழ் மக்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கொண்ட அச்சத்தையும் அக்கறையையும் இவ்வளவு விரிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

பழநிக் கோயில் குன்றின் மேல் நிற்கும் தண்டாயுதபாணி, சூரனை வென்ற படைத்தலைவன். ஆனால் மூலவர் கோலத்தில் கோவணமும் தண்டமும்தான்; மார்பு திறந்திருக்கிறது. சாயரட்சையில் ராஜ அலங்காரத்தில் அவனைப் பார்க்கவே கூட்டம் முண்டியடிக்கிறது.

பழநி மலைத்தொடரில், கவசமே தேவைப்படாத வாழ்க்கையை நடத்தியவர்களும் உண்டு. பளியர் என்ற பழங்குடியினரைப் பற்றி 1960-களிலிருந்து ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் சண்டையைத் தவிர்ப்பதை வாழ்க்கை நெறியாகவே வைத்திருப்பதைப் பதிவு செய்தார். பூசல் மூண்டால் ஒருவர் எழுந்து வேறிடம் போய்விடுவார். யாரும் யாரையும் அடக்குவதில்லை; குழந்தையின் விருப்பத்துக்கும் மதிப்பு உண்டு. உலக அளவில் வன்முறை குறைந்த சமூகங்களைப் பற்றிய ஆய்வுகளில் பளியர்களின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பழநி மலையின் போர் வரலாற்றை எழுதுபவர்கள் ஆவியர் குடித் தலைவன் பேகனையும் கோபால நாயக்கரையும் எழுதிவிட்டு இவர்களை விட்டுவிடுவது பெரிய குறை.

இன்றைய தகடு

1965-ல் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி க்வோலெக், எஃகைவிட எடைக்கு எடை பலமான ஓர் இழையைக் கண்டுபிடித்தார். அதுதான் கெவ்லார். அதிலிருந்து நெய்த பல அடுக்குச் சட்டை, கைத்துப்பாக்கிக் குண்டை ஏந்தி அதன் விசையைப் பக்கவாட்டில் பரப்பிவிடும். பருத்தி மடிப்புச் சட்டையின் அதே தத்துவம். ரைஃபிள் குண்டுக்கு அது போதாது. அதற்கு முன்னால் போரான் கார்பைடு போன்ற பீங்கான் வகைத் தகடு வேண்டும். குண்டின் முனையைத் தகடு உடைக்கும்; சிதறலைப் பின்னாலுள்ள இழை அடுக்கு பிடித்துக்கொள்ளும். குண்டு நுழையாவிட்டாலும் சட்டை உட்பக்கம் குழிவதால் விலா எலும்பு முறியலாம், நுரையீரல் காயப்படலாம். அமெரிக்கத் தர விதியில் களிமண்ணில் விழும் அந்தக் குழி 44 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ‘புல்லட் புரூஃப்’ என்று நாம் சொல்வதைத் துறைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்; எந்தக் குண்டுக்கு, எத்தனை முறைக்கு என்று கேட்பார்கள்.

இந்திய ராணுவம் 1,86,138 சட்டைகளுக்கு ரூ.639 கோடியில் ஒப்பந்தம் போட்டது 2018 ஏப்ரலில். குண்டு தாங்கும் சட்டைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 17051 வெளியானதும் அதே ஆண்டுதான். அதற்கு முன் வாங்கியவையெல்லாம் வெளிநாட்டு அளவுகோலை நம்பி வாங்கியவை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் போலீசாரின் சட்டைகளின் தரம் பற்றி நாடே கேள்வி கேட்டது. சொந்தத் தர விதி வரப் பத்து ஆண்டு ஆனது. 2024-ல் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ‘அபேத்’ என்ற சட்டையை வெளியிட்டன, எடை 8.2 கிலோ, 9.3 கிலோ என இரு வகை. ஒவ்வொரு கிலோ குறைவதும் காஷ்மீர் மலையில் ஏறுகிற ஒரு சிப்பாயின் மூச்சு.

பெண்களின் மார்புக்குக் கவசம் செய்யும் வேலை மிகத் தாமதமாகத்தான் தொடங்கியது. ஆண் உடலுக்கு வார்த்த தகட்டைப் பெண் அணிந்தால் மேலே இடைவெளி விழும், கீழே இடுப்பெலும்பில் குத்தும், துப்பாக்கியைத் தோளில் ஊன்ற முடியாது. தமிழ்நாட்டில் பெண்கள் போலீசில் சேர்ந்தது 1973-ல். 2003-ல் பெண் கமாண்டோ படையும் வந்துவிட்டது. சி.ஆர்.பி.எஃப். பெண் காவலர்களுக்கென்று தனி அளவில் கலவரத் தடுப்பு உடல் கவசத்தை டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்தது அண்மையில்தான். இடைப்பட்ட காலமெல்லாம் அவர்கள் பொருந்தாத சட்டையைத்தான் மாட்டிக்கொண்டார்கள்.

கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 608 சதுர கிலோமீட்டர். அதற்குள் இரவில் ரோந்து போகிறவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். தமிழ்நாட்டுக் காடுகளில் இந்த வேலையில் இருப்பவர்களில் பழங்குடி இளைஞர்கள் கணிசம். காட்டுமாடு இப்போது கொடைக்கானல் தெருக்களுக்கே வந்துபோகிறது. காட்டுக்குள் புதர் மறைவில் அது எதிர்ப்பட்டால் விலகிக்கொள்ள நேரம் கிடைக்காது. நாட்டுத் துப்பாக்கியோடு வேட்டைக்கு வருபவனும் எதிர்ப்படலாம். காவலரின் உடம்பில் ஒரு காக்கிச் சட்டை, கையில் டார்ச்சும் கழியும்.

அவர்களுக்கு 9 கிலோ பீங்கான் தகடு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஈரச் சரிவில் அது ஆளையே கவிழ்த்துவிடும். காட்டுமாட்டின் கொம்புக்கு அது பதிலுமல்ல. முழங்கால் வரை மறைக்கும் நல்ல காலணி, பழுதில்லாத வாக்கிடாக்கி, ரோந்துக்கு இருவருக்குக் குறையாத ஆள், காயம் பட்டால் மதுரைக்குக் கொண்டுசேர்க்க உடனே கிடைக்கும் வண்டி, விபத்துக் காப்பீடு, பணி நிரந்தரம்: அவர்களுக்கான கவசம் இவற்றில்தான் இருக்கிறது. இதில் பணி நிரந்தரத்தை அவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பலர் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் காட்டுக்குள் போகிறார்கள்.